பட்டாளத்தார் வீடு

ஜூபிலி மலருக்குக் கோவில் கட்டிய வரலாற்றையும் கொடிமரம் நாட்டிய வரலாற்றையும் பெரியோர் எழுதியுள்ளனர். நாம் எடுத்துக்கொண்டது பட்டாளத்துக் குடும்பங்களின் வரலாறு. ஊரில் ‘பட்டாளத்தார் வீடு’ என்றால் வேறு அடையாளம் வேண்டியதில்லை. ஆனால் அந்த வீட்டில் பட்டாளத்தார் இருந்த நாள்களைவிட இல்லாத நாள்களே மிகுதி.

ஆதியில் இப்படி இருந்ததில்லை என்றால் வாசகர் வியப்படையக்கூடும். 1758-ஆம் ஆண்டு ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் ஒழுங்குபடுத்திய சிப்பாய்ப் படையிலிருந்து வளர்ந்ததே சென்னைப் பட்டாளம். வங்காளச் சிப்பாய் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டு வந்தான். சென்னைச் சிப்பாயோ மனைவி மக்களைப் பட்டாளத்து ‘லைன்’ வீடுகளிலேயே வைத்திருந்தான். படை இடம் மாறினால், சட்டி பானையோடு குடும்பங்களும் பின்னே நடந்தன. சிப்பாய்களின் பையன்கள் சிலரைச் சிறு சம்பளத்தில் படையிலேயே சேர்த்துக்கொண்டதும் உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இது பெருந்தொல்லை; சிப்பாய்க்கோ வீடு எங்கேயோ அங்கேதான் வேலை.

1824-இல் பர்மாப் போர் வந்தது. கப்பலில் குடும்பத்துக்கு இடமில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பம் இங்கே பெற்றுக்கொள்ள ஏற்பாடாயிற்று. 1826-இல் போர் முடிந்தபோது, குண்டுபட்டு இறந்தோரைவிடக் காய்ச்சலாலும் கழிச்சலாலும் இறந்தோரே அதிகம். ஒரு சம்பளத்தில் இரண்டு அடுப்பு எரியும் கணக்கு நம் நாட்டில் அன்றே வேரூன்றிவிட்டது என்று எண்ணுகிறோம்.

சுதந்திரத்துக்குப் பின் மணியார்டரும் கடிதமும் அந்த அடுப்பை எரித்தன. 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்ற முகவரிகளை அறியாத பட்டாளத்து மனைவி உண்டோ? அதில் எண் இருக்கும், ஊர் இராது. கணவன் நிற்பது எந்த மலை என்று தெரியாமலே பதில் எழுதினார்கள். மாற்றலால் பிள்ளைகளின் படிப்பு கெடாதிருக்க 1963-இல் மத்தியப் பள்ளிகள் ஏற்பட்டன. முதலில் எடுத்துக்கொண்டவை 20 ரெஜிமெண்ட் பள்ளிகளே. 1966-இல் இராணுவத்தினரின் மனைவியருக்கென நலச் சங்கமும் உண்டாயிற்று.

பிரிவைவிடத் திரும்பி வருவதே கடினம் என்பது நம் எண்ணம். 15 ஆண்டுப் பணியில் பென்ஷன் உரிமை கிடைத்துவிடுவதால், சிப்பாய் நாற்பதை எட்டுமுன்னரே ஊர் திரும்பிவிடுவதுண்டு. ரேஷன் கடை முதல் பாங்கு வரை மனைவி தனியே பார்த்துப் பழகிய வீடு அது. விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லாரையும் எழுப்பும் தகப்பனாரைப் பிள்ளைகள் விருந்தாளியைப் போலப் பார்க்கிறார்கள். ‘எப்போது லீவு முடியும்?’ என்று கேட்டுவிடும் சிறுபிள்ளையும் உண்டு. இதற்கு எந்தச் சங்கமும் மருந்து கண்டதாகத் தெரியவில்லை.

பெண்களின் வரலாறு வேறு. புனித தோமையார் பெயர் விளங்கும் பரங்கிமலையில் 1963 முதல் இயங்கும் அதிகாரிகள் பயிற்சிக் கூடம், 1992-இல் பெண்களுக்கும் திறந்தது. அவர்கள் நிரந்தரப் பணி பெற 2020-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது. இராணுவச் செவிலியரோ அவர்களுக்கு வெகுகாலம் முன்பே பணியில் இருந்தவர்கள். நம்மைப் போன்ற பங்குகளிலிருந்து செவிலியர் பணிக்குச் சென்ற பெண்பிள்ளைகள் பலர் ஆகையால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறோம். திருமணம் செய்துகொண்டால் செவிலிய அதிகாரியை விலக்கலாம் என்றது 1977-ஆம் ஆண்டு ஆணை. ஆண்களுக்கு அப்படி ஒன்றுமில்லை. அதன்படி ஒரு செவிலிய அதிகாரி 1988-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 1995-இல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அவர் விடவில்லை. அந்த விலக்கல் தவறு, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தருக என்று உச்சநீதிமன்றம் கூறியது 2024 பிப்ரவரியில். இடையில் கழிந்தவை ஏறத்தாழ 36 ஆண்டுகள். ஒரு முழுப் பணிக்காலம்.