மனநலச் சிகிச்சையில் குடும்பம்: மனுதாரர் நிலையிலிருந்து ஆதரவு பெறும் நிலை வரை

தமிழகத்தில் மனநோய்க்கான நிறுவனச் சிகிச்சை 1794இல் சென்னையில் திறக்கப்பட்ட காப்பகத்துடன் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்தில் நிலைகொண்டது. மனநோயாளிகளைக் காப்பகத்தில் சேர்ப்பதற்கான 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடும்பம் பெரும்பாலும் மனுதாரர்தான். உறவினர் விண்ணப்பிப்பார், நீதிபதி ஆணையிடுவார், நோயாளி மதிலுக்குள் போவார். மதுரையிலிருந்து கீழ்ப்பாக்கம் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். நெசவுக் கூலியை நம்பிய மதுரைச் செல்லூர்க் குடும்பம் அடிக்கடி போய்ப் பார்த்துவரக்கூடிய தொலைவன்று அது.

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வித்யாசாகர் வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளுடன் உறவினரையும் தங்கவைத்தார். 1957இல் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் ஒருவர் உடனிருப்பதைச் சிகிச்சையின் பகுதியாக்கியது. இவற்றை இந்திய மனநல மருத்துவத்தின் தனித்தன்மை என்று போற்றுவது வழக்கம், அது நியாயமும்கூட. ஆயினும் உடனிருந்தவர் முதலில் உதவிக் கையாகவே எண்ணப்பட்டார். அவருடைய தூக்கமும் வருமானமும் உடல்நலமும் கணக்கில் வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

அந்தக் கணக்கை முறைப்படுத்தியவர்கள் பெங்களூரில் பணியாற்றிய பாய், கபூர் ஆகியோர். 1981இல் அவர்கள் வெளியிட்ட நேர்காணல் அட்டவணை குடும்பச் சுமையைப் பணச் செலவு, அன்றாட வேலைகளின் குலைவு, ஓய்வு, குடும்ப உறவு, பிறரின் உடல்நலம், மனநலம் எனப் பிரித்து அளந்தது. கைத்தறி வீட்டில் இப்பிரிவுகள் தனித்தனியாக நிற்பதில்லை. தறியும் படுக்கையும் ஒரே கூடத்தில் இருக்க, ஒருவர் நெய்ய மற்றவர் தார் சுற்றினால்தான் கூலி தேறும். மகனுக்கு மனச்சிதைவு வந்தால் அவனுடைய உழைப்பு நிற்பதோடு, அவனைப் பார்த்துக்கொள்ளும் தாயின் கையும் வேலையிலிருந்து விலகும். கோரிப்பாளையத்துப் ‘பெரியாஸ்பத்திரி’, அதாவது அரசு இராசாசி மருத்துவமனை, செல்லூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மருந்து வாங்கிவரும் நாளும் கூலியில்லாத நாளே. தங்கையின் திருமணம் தட்டிப்போகும் என்ற அச்சம் நோயை மறைக்கவைக்கிறது; மறைக்கும் வீட்டுக்கு அண்டை வீட்டார் உதவியும் கிடைப்பதில்லை.

சுமையை இறக்குவது நோயாளிக்கும் நன்மை என்பதை வேறொரு ஆய்வு வரிசை காட்டியது. உறவினரின் இடைவிடாத குறைகூறலும் கடுமையும் நோய் திரும்புவதோடு தொடர்புடையவை என்று லண்டன் ஆய்வுகள் கூறின. சண்டிகரில் விக், லெஃப் குழுவினர் 1987இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அங்கே குறைகூறும் உறவினர் லண்டனைவிடக் குறைவு. எனினும் இந்தியக் குடும்பம் இயல்பிலேயே பொறுமையானது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். களைத்தவர் எந்த ஊரிலும் கடிந்துகொள்வார்.

சென்னையில் 1984இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் சூழலில், 1989இல் உறவினர்களே ‘ஆஷா’ அமைப்பை உருவாக்கினர். மதுரையில் மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992இல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையை நிறுவினார். மறுவாழ்வுப் பணியில் குடும்பத்துக்கான ஆலோசனைக்கு இடம் கிடைத்தது: நோய் திரும்புவதன் முன்குறிகளை அறிவது, மாத்திரையை நிறுத்தாதிருப்பது, பழிச்சொல் தவிர்ப்பது.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தனர். உறவினர் கைவிட்டதாகப் பழி எழுந்தது. அருகில் மருந்தும் ஆலோசனையும் கிடைக்காத குடும்பங்களுக்குத் ஏர்வாடி தர்காவும் அதைச் சுற்றிய காப்பகங்களுமே எட்டிய இடங்களாக இருந்தன என்பதை அந்தப் பழி மறைத்தது. மாவட்ட மனநலத் திட்டத்தின் விரிவாக்கம் இதன் பின்னர் வேகம் பெற்றது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரு திசைகளில் சென்றது. அதற்கு முந்தைய 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உறவினர் கோரிக்கையில் 90 நாள் வரை சேர்க்க இடமளித்தது. புதிய சட்டம் அத்தகைய சேர்க்கையை முதலில் 30 நாளாகக் குறுக்கியதுடன், நியமனப் பிரதிநிதியாக உறவினர் அல்லாதவரையும் நோயாளி தேர்ந்துகொள்ள அனுமதித்தது. அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு, நோயாளியின் குடும்பத்துக்கு ஆதரவளிக்கும் சேவைகளை அரசின் பொறுப்புகளுள் சேர்த்தது. பராமரிப்பாளருக்கான உதவித்தொகை இச்சட்டத்தில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே அதைக் குறிப்பிடுகிறது, அதுவும் மிகுந்த துணை தேவைப்படுவோருக்கு மட்டும்.