காற்றில்லா டயர் வந்து போன கதை

சைக்கிள் பிறந்து எழுபது ஆண்டுகள் கழித்துத்தான் அதன் டயருக்குள் காற்று புகுந்தது. 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய வண்டிக்கு மரச் சக்கரம், அதன் மேல் இரும்புப் பட்டை. பெடல் கிடையாது, காலால் தரையை உந்த வேண்டும். 1860களில் பாரிஸின் மிஷோ பட்டறை முன் சக்கரத்தில் பெடல் வைத்து விற்றபோதும் இரும்புப் பட்டை அப்படியே இருந்தது. கல் பாவிய தெருக்களில் அதை ஓட்டிய ஆங்கிலேயர்கள் ‘எலும்பு உலுக்கி’ என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டிருந்தார். 1870களில் வந்த உயரச் சக்கர சைக்கிளுக்கு அந்த ரப்பரே டயரானது. பள்ளமான ரிம்மைச் சூடுபடுத்தி, பசையை இளக்கி, கெட்டியான ரப்பர் வளையத்தை அதில் அழுத்தி உட்கார வைப்பார்கள். பசை விட்டால் டயர் கழன்றுவிடும். மற்றபடி பஞ்சர் என்ற பேச்சே இல்லை.

அந்த வண்டியின் முன் சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்ததற்குக் காரணம் வேகம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான். சக்கரம் பெரிதானால் போகும் தூரமும் கூடும். பெரிய சக்கரம் குழிகளில் இறங்காமல் தாண்டிப் போனது கூடுதல் லாபம். 1885இல் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ‘ரோவர்’ வண்டியில் வேகம் கூட்டும் வேலையைச் செயின் எடுத்துக்கொண்டது. சக்கரம் சிறியதாயிற்று, விழும் பயம் குறைந்தது, குலுக்கலோ கூடிவிட்டது. அதே ஆண்டில் லின்லி அண்ட் பிக்ஸ் நிறுவனம் ஃப்ரேமிலேயே ஸ்பிரிங் வைத்து ‘விப்பெட்’ என்ற வண்டியைச் செய்ததற்குக் காரணம் இந்தக் குலுக்கல்தான்.

குலுக்கலுக்கு மருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல், தமது 23ஆம் வயதில், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1847இல் லண்டன் ரீஜெண்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டிகளில் அதைப் பொருத்திக் காட்டினார். ஒரு செட் 1,200 மைல் ஓடியது. அந்த நாளில் நல்ல மெல்லிய ரப்பர் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். வாங்க ஆளில்லாமல் யோசனை கிடப்பில் போனது. வேடிக்கை என்னவென்றால், 1867இல் தாம்சன் தமது சாலை நீராவி வண்டிக்குக் கெட்டி ரப்பர் டயருக்கே காப்புரிமை வாங்கினார். காற்று டயரைக் கண்டுபிடித்தவரே கட்டை டயருக்குத் திரும்பிய முதல் ஆள்.

அடுத்தவர் ஜான் பாய்ட் டன்லப், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் தெருவில் தடதடப்பதைப் பார்த்து, மெல்லிய ரப்பர் ஷீட்டில் குழாய் செய்து, மரத் தட்டு ஒன்றைச் சுற்றிக் கட்டி, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் நிரப்பினார். பிறகு அதையும் சைக்கிளின் சக்கரத்தையும் முற்றத்தில் சேர்த்து உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதியில் நின்றது. காற்றடைத்தது முற்றம் முழுக்க ஓடி, வாசல் தூணில் மோதித் திரும்பியது. 1888இல் காப்புரிமை கிடைத்தது. 1889 மே 18 அன்று பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழாவில், இந்த டயர் போட்ட சைக்கிளில் வில்லி ஹியூம் நான்கு பந்தயங்களையும் வென்றார். குலுக்கலுக்குத் தேடிய மருந்து வேகத்தைத் தந்தது. அதை டன்லப்பே முழுதாக எதிர்பார்த்திருக்க மாட்டார்.

காரணம் ரப்பரின் குணத்தில் இருக்கிறது. கெட்டி ரப்பர் தரையில் படும் இடத்தில் அமுங்கி, சக்கரம் நகர்ந்ததும் நிமிர்கிறது. அமுக்கச் செலவான சக்தி முழுதும் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி சூடாகப் போய்விடுகிறது. காற்றோ வாங்கியதை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தந்துவிடும். மடங்கி விரிவது மெல்லிய டயர்ச் சுவர் மட்டும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு சிறு கல்லுக்கும் கட்டை டயர் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அந்தச் சக்தியும் ஓட்டுபவர் காலிலிருந்துதான் வர வேண்டும்.

ஆனாலும் கட்டை டயர் உடனே ஓடி ஒளியவில்லை. டன்லப்பின் டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டது, பஞ்சரானால் தொல்லை. 1889இல் பிரான்சின் க்ளெர்மோன்-ஃபெரானில் மிஷெலின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு அப்படியொரு வண்டி வந்தது. டயரைப் பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம், பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் எதுவார் மிஷெலின் ஓட்டிப் பார்த்தபோது, சில நூறு மீட்டரிலேயே காற்று இறங்கிவிட்டது. கட்டை டயருக்கும் காற்று டயருக்கும் நடுவே, உள்ளே பொந்து விட்ட ‘குஷன்’ டயர்கள் சில ஆண்டுகள் விற்பனையானது இந்தத் தொல்லைக்குப் பயந்துதான்.

1890இல் சார்லஸ் வெல்ச் ஓரத்தில் கம்பி வைத்த டயருக்கும், வில்லியம் பார்ட்லெட் ரிம்மின் விளிம்பில் கவ்விக்கொள்ளும் டயருக்கும் காப்புரிமை பெற்றார்கள். தாம்சனின் பழைய காப்புரிமை தெரியவந்து டன்லப்பின் உரிமை செல்லாமல் போனதும் அதே ஆண்டில். 1891இல் மிஷெலின் கழற்றி மாட்டும் டயரோடு வந்தது. அந்த செப்டம்பரில் சுமார் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தை அந்த டயரில் சார்ல் தெரோன் வென்றார். மறு ஆண்டு பாரிஸ்-க்ளெர்மோன் பந்தயத்தில் மிஷெலின் வழியில் ஆணிகளைத் தூவி, பஞ்சர் ஒட்டுவது எத்தனை சுலபம் என்று காட்டியது. கட்டை டயரை ஒழித்த பெருமை காற்றுக்கு மட்டும் சேராது. பாதிப் பங்கு கழற்றி ஒட்டும் வசதிக்கு.

காற்று டயர் கூட்டிய ரப்பர் பசி உலகின் இன்னொரு பக்கத்தை மாற்றியது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சுமார் 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டிருந்தன. முதலில் சைக்கிளும் பிறகு மோட்டாரும் கேட்ட ரப்பருக்காக மலாயாவில் தோட்டங்கள் பெருகின. பால் வெட்டக் கங்காணிகள் வழியாகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் கப்பலேறினார்கள்.

அதன் பிறகு காற்றில்லா டயர் தலைகாட்டியது பெரும்பாலும் ரப்பருக்கு வழியற்றுப் போன காலங்களில். முதல் உலகப் போரில் கடல் வழி அடைபட்ட ஜெர்மனியில் ரிம்மைச் சுற்றி எஃகு ஸ்பிரிங் கட்டி ஓட்டினார்கள். இரண்டாம் போரில் ஜெர்மனி பிடித்துவைத்த ஹாலந்தில் மரத்துண்டுகளும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயும் டயராயின. 1941 டிசம்பரில் மலாயாவில் சைக்கிளில் இறங்கி வந்த ஜப்பானியச் சிப்பாய்கள் டயர் போனதும் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்த இரைச்சலை எதிரிகள் டாங்கி என்று நினைத்ததுண்டு. உலகத்துக்கே டயர் ரப்பர் கொடுத்த தோட்டங்களின் நடுவே டயரில்லாமல் போன படை அது.

இன்றைய காற்றில்லா டயர் வேறு சரக்கு. பாலியூரிதேன் போன்ற பொருளில் பொடிப் பொடிக் குமிழிகள் அடைத்து வார்க்கிறார்கள். எடை அவ்வளவாக ஏறுவதில்லை. கொரியாவின் டானஸ் நிறுவனம் ரோட் பைக் அளவிலேயே இதைச் செய்கிறது. பிளாஸ்டிக் ஊசிகளால் ரிம்மில் பூட்டும் அந்த டயரை மாட்டுவதற்குள் கை கடுத்துவிடும். மாட்டிவிட்டால் ஆணி, முள், கண்ணாடி எதற்கும் பயமில்லை, பம்பும் வேண்டாம். ஆனால் அமுங்கி நிமிரும் பொருள் சக்தியைத் தின்னும் பழைய கணக்கு குறைந்ததே தவிர தீரவில்லை. ஓட்டுபவரின் எடைக்கும் சாலைக்கும் ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இல்லை. குழியில் விழும் அடியில் கூடுதல் பங்கு ரிம்முக்கும் போக்ஸ் கம்பிக்கும் போகிறது.

2016 ஏப்ரலில் ஷாங்காயில் தொடங்கிய, காற்றில்லா டயரில் ஓடிய மோபைக் வாடகை சைக்கிள்களுக்கு இந்தக் குறைகள் பொருட்டாகவே இல்லை. தெருவெங்கும் நிற்கும் வண்டிகளுக்குப் பஞ்சர் பார்க்க ஆள் அனுப்பும் செலவைவிட, மிதிப்பவரின் கால் வலி நிறுவனத்துக்கு மலிவாக இருந்தது. சொந்த வண்டியில் மணிக்கு 30 கிலோமீட்டர் போக நினைப்பவருக்கோ கணக்கு நேர்மாறானது. அவருக்கு வேறு காவல்களும் வந்துவிட்டன: டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் ரப்பர் பால் கலவை சிறு ஓட்டைகளைத் தானே அடைத்துவிடுகிறது.

2021இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட மெட்டில் டயர், நாசா செவ்வாய் ஊர்திகளுக்காக உருவாக்கிய நிக்கல்-டைட்டானியம் கம்பியைக் காற்றுக்குப் பதிலாக வைக்கிறது. அமுக்கினாலும் பழைய வடிவத்துக்கே மீளும் உலோகம் என்பதால், ரப்பர் தின்னும் சக்தியை மிச்சப்படுத்தும் முயற்சி அது. பெரும் சாலைப் பந்தயங்களில் இன்றும் ஓடுவது காற்றடைத்த டயர்தான்.