சோளக்காட்டுக்குள் ஓடிய பிள்ளைகள்



அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் சுற்றிப்பார்க்கப் போனால், குதிரை வண்டியில் வரும் அமிஷ் மக்களைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த மக்கள் அதை விரும்புவதில்லை. ஏன் என்று கொஞ்சம் வரலாறு சொல்கிறேன்.

1525-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், ஞானஸ்நானம் என்பது விவரம் தெரிந்த வயதில் தானே விரும்பிப் பெற வேண்டியது என்று ஒரு கூட்டத்தார் சொன்னார்கள். அதற்காக அவர்களை நீரில் மூழ்கடித்தும் எரித்தும் கொன்றார்கள். அவர்களில் மென்னோ சைமன்ஸ் என்ற டச்சுக்காரரின் பெயரால் அறியப்பட்டவர்கள் மென்னோனைட்டுகள். 1693-இல் யாக்கோப் அம்மான் தலைமையில் பிரிந்தவர்கள் அமிஷ். 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள்.

இன்று மென்னோனைட்டுகளில் பலர் நம்மைப் போலவே கைப்பேசியும் கேமராவும் வைத்திருப்பவர்கள். பழைய முறையை விடாத மென்னோனைட்டுகளும் அமிஷ் மக்களும்தான் படத்துக்கு ஒதுங்குகிறார்கள். காரணம் இரண்டு. உருவம் செய்யாதே என்ற யாத்திராகமக் கட்டளை ஒன்று. தன்னை முன்னிறுத்துவது கர்வம் என்ற எண்ணம் மற்றொன்று. அதனால் நின்று முகம் காட்டிப் போஸ் கொடுப்பதுதான் அவர்களுக்குப் பெரிய தவறு.

ஆனால் ஒரு படம் அவர்களுக்கு நன்மையும் செய்திருக்கிறது. அயோவா மாநிலத்தில், சான்றிதழ் பெற்ற ஆசிரியர் இல்லாத அமிஷ் பள்ளிகளை அரசு ஏற்கவில்லை. 1965 நவம்பர் 19 அன்று, பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு ஏற்றிப்போக அதிகாரிகள் பேருந்தோடு வந்தார்கள். பிள்ளைகள் பயந்து பக்கத்துச் சோளக்காட்டுக்குள் ஓடினார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் எடுத்த அந்தப் படம் நாடு முழுவதும் பரவியது. மக்கள் அமிஷ் பக்கம் நின்றார்கள். 1967-இல் அயோவா அவர்களுக்கு விலக்கு தரும் சட்டம் இயற்றியது. 1972-இல், விஸ்கான்சின் வழக்கொன்றில், எட்டாம் வகுப்புக்கு மேல் அமிஷ் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அப்படியானால் படம் எடுப்பது சரிதானே என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அது உண்மை. ஆனாலும் அந்தப் படம் காட்டியது அதிகாரம் செய்த வேலையை. நாம் எடுக்கும் படம் காட்டுவது அவர்களுடைய தொப்பியையும் தாடியையும். இரண்டும் ஒன்றல்ல.

2006 அக்டோபர் 2-இல் லங்காஸ்டர் வட்டாரத்தின் நிக்கல் மைன்ஸ் என்ற ஊரில், ஒருவன் அமிஷ் பள்ளிக்குள் புகுந்து சுட்டதில் ஐந்து சிறுமிகள் இறந்தார்கள். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். உலகத்துக் கேமராக்கள் எல்லாம் அங்கே குவிந்தன. கொலையாளியின் அடக்கத்துக்கு அமிஷ் மக்கள் போனார்கள், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் உட்பட. கேமராக்களுக்கும் அவன் குடும்பத்துக்கும் நடுவே வரிசையாக நின்று மறைத்தார்கள் என்று அவனுடைய தாயே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தங்களுக்கு வேண்டாம் என்று சொன்னதை, துயரத்தில் இருந்த இன்னொருவருக்கும் வராமல் தடுத்தார்கள். பத்தே நாளில் அந்தப் பள்ளியையும் இடித்துவிட்டார்கள்.

பொதுச் சாலையில் படம் எடுப்பதை அமெரிக்கச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் சட்டம் விட்டதையெல்லாம் நாம் செய்வதில்லையே. அந்தப் பக்கம் போகிறவர்கள் வயலை எடுங்கள், தூரத்தில் போகும் வண்டியை எடுங்கள். முகம் தெரிய வேண்டாம். குழந்தைகளை வேண்டவே வேண்டாம். அவர்கள் கடையில் ரொட்டியோ ஜாமோ வாங்கிக்கொண்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். பேசியதை இங்கே எழுதுங்கள், படிக்க ஆவலாக இருப்பேன்.

மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். வகுப்பில் கேள்வி கேட்டவர்கள்தானே நீங்கள்!