கால்பந்தில் ஐயமும் தீர்ப்பும்

மலேசியக் கால்பந்து வரலாற்றில் 1972ஆம் ஆண்டு பெருமைக்குரியது, எம். சந்திரன் இடம்பெற்ற தேசிய அணி அவ்வாண்டு மூனிக் ஒலிம்பிக்கில் ஆடியது. 1994ஆம் ஆண்டோ நாணத்துக்குரியது. சூதாடிகளிடம் கையூட்டுப் பெற்று ஆட்டங்களை விட்டுக்கொடுத்தனர் என்னும் குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. காவல்துறை நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரரை விசாரித்தது. ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக 21 பேர் நீக்கப்பட்டனர். 58 பேர் இடைநிறுத்தப்பட்டனர்.

இங்கே ஒரு வேற்றுமையை ஊன்றி நோக்குதல் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஷா ஆலம் அரங்கில் 1994 டிசம்பர் 17 அன்று நடந்த மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூருக்காக மூன்று கோல் அடித்தவர் அப்பாஸ் சாத். மறு ஆண்டு சிங்கப்பூர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்து, 50,000 வெள்ளி தண்டம் விதித்தது. மலேசியாவிலோ ஆட்டக்காரர் சிலர், 1933ஆம் ஆண்டுக் குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்த் தொலைவான ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். அதற்கு அரசின் ஆணையே போதுமானதாக இருந்தது. நீதிமன்ற விசாரணை வேண்டியிருக்கவில்லை.

விளைவு யாது? குற்றமுடையார் எவர், அற்றார் எவர் என ரசிகர் பகுத்தறிய இயலவில்லை. ஐயம் அனைவர்மீதும் படிந்தது. அரங்குகளில் கூட்டம் குறைந்தது. அச்சட்டம் 2011இல் நீக்கப்பட்டது. வெளிப்படையான விசாரணை குற்றவாளியைத் தண்டிப்பதற்கு மட்டுமன்று; குற்றமற்றவரின் பெயரைக் காப்பதற்கும் ஆகும். அப்பெயர் காக்கப்பட்டாலன்றி ரசிகரின் நம்பிக்கை மீளாது.