மிக்ஸியில் அரைத்த கவசம்

உங்கள் வீட்டு மிக்ஸியை ஒரு தரம் மரியாதையாகப் பாருங்கள். அதன் வெளிநாட்டு ஒன்றுவிட்ட சகோதரன் 2014-ல் அயர்லாந்து, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஒரு பெரிய தலைவலிக்கு வைத்தியம் பார்த்தது.

தலைவலியின் பெயர் கிராஃபீன். பென்சிலில் இருக்கிறதே கிராஃபைட், அதன் ஒரே ஒரு அடுக்கு. ஒரு மில்லிமீட்டர் கிராஃபைட்டில் சுமார் 30 லட்சம் அடுக்குகள். 2004-ல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் சாதாரண டேப்பை ஒட்டி ஒட்டி அதை உரித்தெடுத்தார்கள். 2010-ல் நோபல்.

பரிசு சரி, சரக்கு? டேப்பால் உரித்தது ஒரு டப்பா பெயின்ட்டுக்குக்கூடத் தேறாது. நான் பி.காம். அணு புரியாது, உற்பத்திச் செலவு புரியும்.

2008-ல் டிரினிட்டியின் ஜோனதன் கோல்மன் குழு கிராஃபைட் தூளை என்.எம்.பி. என்ற கரைப்பானில் போட்டு, காதுக்குக் கேட்காத ஒலி அலைகளால் குலுக்கி, தாள் தாளாகப் பிரித்தது. ஆனால் அந்தக் கரைப்பான் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஆகாது. வேகமும் போதாது. அதே குழுதான் 2014-ல், வேகமாகச் சுழலும் கலக்கியே போதும் என்று காட்டியது. சீட்டுக்கட்டைத் தேய்த்துக் கலைப்பதுபோல அடுக்குகள் வழுக்கிப் பிரிகின்றன. தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், சமையலறை பிளெண்டர் என்றும் செய்து பார்த்துவிட்டார்கள். பிரிந்த தாள்கள் மறுபடி ஒட்டாமல் சோப்பு பார்த்துக்கொள்கிறது. (தயவுசெய்து வீட்டில் முயற்சி வேண்டாம். அடுத்த நாள் சட்னியும் அதில்தான்.)

எதற்கு இத்தனை பாடு? துரு! கிராஃபீனை ஹீலியம்கூட ஊடுருவாது என்று 2008-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். 2011-ல் கிராஃபீன் போர்த்திய செம்பு, காற்றில் சூடாக்கியும் கறுக்கவில்லை. ஆஹா என்றார்கள். 2013-ல் பெர்க்லியிலிருந்து வந்தது குண்டு. மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தால், போர்த்திய செம்புதான் அதிகம் அரித்திருந்தது! காரணம், கிராஃபீன் மின்சாரத்தைக் கடத்தும். போர்வையில் சின்னக் கிழிசல் போதும், ஈரம் புகுந்து அந்த இடமே பேட்டரி ஆகிவிடும். சும்மா விட்டிருந்தால் தேவலை.

அதனால் முழுப் போர்வை யோசனைக்குப் பதில் கலவை. எபாக்ஸி பெயின்ட்டுக்குள் துணுக்குகளைத் தூவினால், ஈரம் தீபாவளி சமய ரங்கநாதன் தெருவில் மாட்டிய ஆள்போல வளைந்து நெளிந்துதான் உள்ளே போக வேண்டும். அளவு மிஞ்சினால் துணுக்குகள் ஒன்றையொன்று தொட்டு, மறுபடி மின்பாதை. மின்சாரம் கடத்தாத போரான் நைட்ரைடு பக்கம் பலர் திரும்பியது இதனால்தான். அதையும் இதே கலக்கியில் பிரிக்கலாம்.

மிச்சம் ஒரு வில்லன் இருக்கிறான். சோப்பு. பெயின்ட்டில் தங்கிவிட்டால் அதுவே ஈரத்தை வா வா என்று கூப்பிடும். அலசி எடுக்கவோ ஏகப்பட்ட தண்ணீர் வேண்டும்.