தட்டுக்குப் பெயரிட்ட வரலாறு



புதுப் பேரேடு ஒன்றை வாங்கி வரும் கணக்கர் முதலில் என்ன செய்கிறார்? உடனே வரவு செலவு எழுதத் தொடங்குவதில்லை. அட்டையில் பெயர் பொறிக்கிறார்; பக்கங்களுக்கு எண் இடுகிறார்; பொருளடக்கத்திற்கென இரண்டோர் ஏடுகளை ஒதுக்குகிறார். பெருங்கணிப்பொறிகளின் காந்தத் தட்டுகளுக்கும் இத்தகைய ஆயத்தம் ஒன்று உண்டு. அஃது ஏன் தோன்றிற்று என்பதே இன்றைய பேச்சு.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்னும் பொறியை வெளியிட்டது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரெனால்டு ஜான்சன் தலைமையில் பொறியாளர்கள் ஆக்கிய அதன் சேமிப்புக் கருவியில், இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அத்தட்டுகள் பொறியை விட்டு அகலாதவை. ஆதலின் அவற்றுக்குத் தனிப் பெயர் வேண்டியிருக்கவில்லை. ஒரே பிள்ளை உள்ள வீட்டில் 'தம்பி' என்று அழைத்தாலே போதுமன்றோ?

1962-இல் நிலைமை மாறிற்று. அவ்வாண்டு வந்த 1311 என்னும் கருவியில், ஆறு தட்டுகள் கொண்ட அடுக்கு ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். ஓர் அடுக்கின் எடை சுமார் நாலரைக் கிலோ. வசதியோடு அச்சமும் வந்தது. சம்பளக் கணக்கு அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் சரக்குக் கணக்கு அடுக்கை ஒருவர் மாட்டிவிட்டால், பொறி எங்ஙனம் அறியும்? மேலே ஒட்டிய சீட்டை மனிதர் படிக்கலாம், பொறி படிக்காது. ஆகவே பெயரைக் காந்தப் பரப்பிலேயே எழுத வேண்டியதாயிற்று.

1964 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சிஸ்டம் 360 வரிசையில் இம்முறை திட்டமான வடிவம் பெற்றது. இவ்வாறு மாட்டப்பெறும் அடுக்கை 'வால்யூம்' என்றனர். ஆயத்தம் செய்யும் நிரல், தடங்களில் எழுதியும் படித்தும் பரப்பைச் சோதிக்கும். பழுதுற்ற தடத்துக்கு மாற்றுத் தடம் அளிக்கும். 2311 என்னும் கருவியின் அடுக்கில் 203 உருளைகள் இருந்தன. பரப்புகளில் நேருக்கு நேர் அமைந்த தடங்களின் தொகுதியே உருளை. அவற்றுள் 3 உருளைகள் இம்மாற்றுக்கென்றே விடப்பட்டவை.

பின்னர் முதல் தடத்தின் மூன்றாம் பதிவில் ஆறு எழுத்துப் பெயர் பொறிக்கப்படும். முதலிரண்டு பதிவுகள் பொறியைத் துவக்கும் நிரலுக்கு உரியவை. பொருளடக்கம் இருக்கும் இடமும் பெயரின் அருகிலேயே குறிக்கப்படும். ஒரே பெயருடைய இரு வால்யூம்கள் ஒருங்கே இயங்கலாகா. பொறி துவங்கும்போதே இரட்டைப் பெயரைக் கண்டு, எதை விலக்குவது என்று இயக்குநரை வினவும்.

ஆபத்து இருப்பதும் இங்கேதான். பிற்காலத்து விரைவு ஆயத்த முறை தடங்களைச் சோதிப்பதில்லை. பெயரையும் பொருளடக்கத்தையும் மட்டும் புதிதாக எழுதிவிடும். சில நொடி வேலை. கருவியின் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால், பயனில் உள்ள வேறொரு வால்யூமின் பொருளடக்கம் அழிந்துவிடும். பழைய கணக்குகள் தடங்களில் அப்படியே கிடக்கும். ஆனால் எது எங்கே என்று சொல்ல ஏடு இராது. அழித்தலினும் கொடிய நிலை இது என்பேன். பொருள் கண்முன் இருந்தும் கைக்கு எட்டாது.

ஆதலின் காவல்கள் பல வைத்தனர். வால்யூமை இயக்கத்திலிருந்து முதலில் விலக்க வேண்டும். பழைய பெயரைக் கொடுத்து ஒப்புநோக்கச் சொல்லலாம். இறுதியாக, உள்ளடக்கத்தை மாற்றலாமா என்று பொறி கேட்கும். 'யு' என்றால் தொடரும், 'டி' என்றால் நிறுத்தும்.

1989-இல் வந்த 3390 என்னும் தட்டுக் கருவிகள் இன்று செய்யப்படுவதில்லை. எனினும் புதிய சேமிப்புப் பெட்டிகள் உருளைக்கு 15 தடங்கள் என்ற அதன் அமைப்பையே பாவனையாகக் காட்டுகின்றன. அந்த இல்லாத தட்டின் முதல் தடத்தில், மூன்றாம் பதிவில், ஆறெழுத்துப் பெயர் இன்னும் எழுதப்பட்டு வருகிறது.