இரவுக் குவளை: படுக்கைக்கு முன் புரதம் அருந்தும் வழக்கத்தின் வரலாறு

படுக்கப் போகுமுன் பால் சார்ந்த பானம் அருந்தும் வழக்கத்துக்குக் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் மூன்று வேறு காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. முதலில் அது குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்குமான எளிய உணவு. பிறகு நல்ல தூக்கத்துக்கான துணை. இன்று, எடையைக் குறைப்பவர்கள் தசை கரையாமல் காத்துக்கொள்ளும் வழி. இந்தக் காரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படையான எண்ணம் ஒன்றே: இரவு என்பது உடல் உணவின்றிக் கழிக்கும் நீண்ட இடைவெளி, அதை நிரப்பினால் நன்மை உண்டு. இந்த எண்ணம் விளம்பரத்தில் பிறந்து, நெடுங்காலம் கழித்தே ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது.

தொடக்கம் மால்ட் மாவிலிருந்து. இங்கிலாந்தின் குளஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்லிக், வில்லியம் ஹார்லிக் சகோதரர்கள் 1873-இல் அமெரிக்காவின் சிகாகோவில் தொழில் தொடங்கினர். ஜேம்ஸ் மருந்தாளர். முளைகட்டிய பார்லி, கோதுமை மாவு, பால் மூன்றையும் சேர்த்து உலர்த்திய ஹார்லிக்ஸ் பொடிக்கு 1883-இல் காப்புரிமை கிடைத்தது. எளிதில் செரிக்கும், கெடாது, வெந்நீரில் கரையும் என்பதால் மருத்துவர்கள் அதை விரும்பினர். 1908-இல் லண்டனுக்கு அருகே ஸ்லவ் நகரில் ஆலை எழுந்தது. இதே காலத்தில், 1904-இல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆல்பர்ட் வாண்டர் ஓவோமால்டைன் என்னும் மால்ட் பானத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆங்கில நாடுகளில் அது ஓவல்டைன் ஆனது.

இந்தப் பானங்களில் மாவுச்சத்தும் சர்க்கரையுமே மிகுதி, புரதம் குறைவு. புரதத்தை மட்டும் பிரித்து விற்கும் தொழில் தனியாக வளர்ந்தது. 1898-இல் பெர்லினின் பாவர் நிறுவனம் வெளியிட்ட சானடோஜென், பெரும்பகுதி கேசீன் என்னும் பால்புரதம். பால்புரதப் பொடியான பிளாஸ்மோனில் எழுத்தாளர் மார்க் ட்வைன் முதலீடு செய்தார். நரம்புத் தளர்ச்சியும் பலவீனமும் நீங்கும் என்று சொல்லி விற்கப்பட்ட இவையே இன்றைய புரதப் பொடிகளின் முன்னோடிகள்.

இரவைக் குறிவைத்த திருப்பம் 1930-களில் வந்தது. பிரிட்டனில் ஹார்லிக்ஸ் விளம்பரங்கள் ‘இரவுப் பட்டினி’ என்றொரு குறைபாட்டை அறிமுகப்படுத்தின. எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் களைப்போடு எழும் ஊழியர், எரிந்துவிழும் இல்லத்தரசி, அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் ஆலோசனை, ஹார்லிக்ஸால் வரும் மாற்றம் என்று படக்கதை வடிவில் அவை வெளிவந்தன. தூக்கத்திலும் இதயமும் நுரையீரலும் உழைக்கின்றன என்பது உண்மை. ஆனால் நலமுள்ள ஒருவரின் உடல் அந்த உழைப்புக்குக் கல்லீரலில் சேமித்த மாவுச்சத்தான கிளைக்கோஜனையும் உடற்கொழுப்பையும் எடுத்துக்கொள்கிறது. எனவே இரவுப் பட்டினி நோயன்று. விற்பனைக்காக உருவான சொல். 1972-இல் எடின்பரோவில் இயன் ஆஸ்வால்டும் விளாஸ்டா பிரெசினோவாவும் நடத்திய ஆய்வில், ஹார்லிக்ஸ் அருந்திய நடுவயதினருக்குப் பின்னிரவுத் தூக்கம் கலைவது குறைந்தது. வழக்கத்துக்கு ஓரளவு பயன் இருந்தது, சொன்ன காரணந்தான் தவறு.

இந்தியாவில் அதே பானம் வேறு பாதையில் சென்றது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் வழியாக ஹார்லிக்ஸ் இங்கே பரவியது. 1960-இல் பஞ்சாபின் நாபாவில் எருமைப்பாலை அடிப்படையாகக் கொண்டு உற்பத்தி தொடங்கியது. தமிழ்நாட்டில் அது தூக்கத்துக்கான பானமாக நிலைபெறவில்லை. குழந்தைகளுக்குக் காலையில் ஆற்றிக் கொடுக்கும் ஊட்டமாகவும், மருத்துவமனையில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிச் செல்லும் புட்டியாகவும் ஆனது. இரவுக்கென்று மிளகும் மஞ்சளும் பனங்கற்கண்டும் சேர்த்த பால் ஏற்கெனவே வீடுகளில் இருந்தது.

எடைக் குறைப்பு பற்றிய கவலை மேலைநாடுகளில் வளர்ந்தபோது இரவுக் குவளை சந்தேகத்துக்குள்ளானது. 1918-இல் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் எழுதிய நூல் கலோரிக் கணக்கைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. 1955-இல் மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு, உடல் பருமன் உள்ள சிலர் காலையில் பசியின்றி இருந்து இரவில் மிகுதியாக உண்பதை ஒரு நோய்க்குறித் தொகுப்பாக விவரித்தார். இரவில் உண்பது உடலைப் பருமனாக்கும் என்ற பொதுநம்பிக்கைக்கு இத்தகைய அவதானிப்புகள் வலுவூட்டின.

நிலைமையை மாற்றியது பால்புரதங்களின் செரிமான வேகம் பற்றிய ஆய்வு. 1997-இல் பிரான்சில் ஈவ் புவாரியும் குழுவினரும் பாலின் இரு புரதங்களை ஒப்பிட்டனர். பால் திரியும்போது தெளிநீரில் தங்கும் வே புரதம் விரைவாக இரத்தத்தில் ஏறி விரைவாக இறங்கியது. கேசீனோ, எலுமிச்சை பிழிந்த பால் திரள்வதைப் போல வயிற்று அமிலத்தில் கட்டியாகி, அமினோ அமிலங்களைப் பல மணி நேரம் சிறிது சிறிதாக விடுவித்தது. உடற்புரதம் சிதைவதையும் குறைத்தது. இரவு முழுவதற்கும் ஏற்ற புரதம் கேசீன் என்ற கருத்து இங்கிருந்து உடற்பயிற்சிக்கூடங்களுக்குப் போனது.

நேரடிச் சோதனை நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2012-இல் லூக் வான் லூனின் குழு, மாலையில் எடைப்பயிற்சி செய்த 16 இளைஞர்களில் ஒரு பகுதியினருக்குப் படுக்குமுன் 40 கிராம் கேசீன் கொடுத்தது. அவர்களிடம் இரவில் தசைப்புரத உருவாக்கம் மற்றவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2015-இல் 44 இளைஞர்களிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், இரவில் புரதம் அருந்தியவர்களின் தசையும் வலிமையும் அதிகம் வளர்ந்தன. ஆனால் அவர்கள் ஒரு நாளில் உட்கொண்ட மொத்தப் புரதமும் மற்றவர்களைவிட அதிகம். ஆகவே பயன் நேரத்தால் வந்ததா, அளவால் வந்ததா என்ற கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்விக்கான விடை எடை குறைப்பவர்களுக்கு முக்கியமானது. 2017-இல் ஜோஸ் அன்டோனியோவின் குழு, பயிற்சி செய்பவர்களில் ஒரு பிரிவினருக்குக் காலையிலும் மறு பிரிவினருக்கு இரவிலும் கேசீன் கொடுத்தது. எட்டு வாரத்துக்குப் பின் உடலமைப்பில் வேறுபாடு இல்லை. 2016-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், தேவையைவிட 40 சதவீதம் குறைவாக உண்டு கடும்பயிற்சி செய்த இளைஞர்களில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.4 கிராம் புரதம் பெற்றவர்கள் நான்கு வாரத்தில் 4.8 கிலோ கொழுப்பை இழந்து 1.2 கிலோ தசைத்திணிவு கூட்டினர். 1.2 கிராம் பெற்றவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தனர்; தசைத்திணிவு ஏறக்குறைய அப்படியே நின்றது. தீர்மானித்தது நாளின் மொத்தப் புரதமும் பயிற்சியுமே.

இரவு உணவு உடலைப் பருமனாக்கும் என்ற அச்சமும் சோதிக்கப்பட்டது. 2014-இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகக் குழு, உடற்பயிற்சி இல்லாத எடை மிகுந்த பெண்களுக்குப் படுக்குமுன் சிறு அளவு புரதமோ மாவுச்சத்தோ கொடுத்தது. மறுநாள் காலையில் பசி குறைந்தது, இன்சுலின் அளவோ உயர்ந்தது. ஓய்வுநிலையில் எரியும் கலோரி மாறவில்லை.

மாஸ்ட்ரிக்ட் ஆய்வில் தந்த 40 கிராம் கேசீனைப் பாலிலிருந்து பெறச் சுமார் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். அதில் 900 கலோரிக்கு மேல் சேர்ந்துவிடும். பொடியில் அதே அளவு கேசீனுக்குச் சுமார் 160 கலோரி போதும். ஒரு குவளைப் பாலில் கிடைப்பது ஆறு, ஏழு கிராம் புரதமே; அதனுடன் கலக்கும் சர்க்கரை எடைக்குறைப்புக்கு எதிராகவே நிற்கும். பகல் உணவில் போதிய புரதம் கிடைக்காதவருக்கும், மாலையில் எடைப்பயிற்சி செய்பவருக்கும் இரவுப் புரதம் பொருந்தும், அதன் கலோரி நாளின் கணக்குக்குள் அடங்கினால். சிறுநீரக நோய் உள்ளவர் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளவர் படுக்குமுன் எதையும் உட்கொள்ளாதிருப்பது நல்லது. மற்றவர்களுக்கு, தேவையான புரதத்தைப் பகலிலேயே உண்டு முடித்துவிட்டால் இரவுக் குவளை இல்லாததால் இழப்பு எதுவும் இல்லை.